தொண்டால் உயர்ந்த தலைவர்

தலைமை என்பது யாது? பலர்க்கு முன்னே நடத்தலே தலைமை என்பர் சிலர். ஆணையிடுதலும் அவ்வாணை நிறைவேறக் கண்டு மகிழ்தலுமே தலைமை என்பர் வேறு சிலர். இவையெல்லாம் தலைமையின் புறத்தோற்றங்களே. பிறருடைய சுமையைத் தன் தோள்மேல் ஏற்றுக்கொள்ளுதலே அதன் உயிர்நிலை. இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகள் உலகின் பழைய நூல்கள் பலவற்றில் உண்டு. அவற்றுள் ஒன்று விவிலியம். கிறித்தவர்களின் மறைநூலாகிய அதன் முற்பகுதிக்குப் பழைய ஏற்பாடு என்று பெயர். அப்பகுதி யூதர்களுக்கும் மறைநூலாகும். எருசலேம் என்னும் ஒரே நகரத்தோடு தொடர்புடைய தலைவர் இருவருடைய வரலாறுகள் அதிற் காணப்படுகின்றன. ஒருவன் மக்களின் சுமையைக் கூட்டினான். மற்றவர் அதனைக் குறைத்தார். முன்னவன் அரசன், பின்னவர் அரசன் ஒருவனிடம் ஊழியம் புரிந்தவர்.

அரசன் வரலாற்றை முதலிற் சுருங்கக் காண்போம். இசுரவேல் மக்களை ஆண்ட சாலொமோன் மன்னன் அறிவிற் சிறந்தவன் எனப் பெயர் பெற்றவன். எருசலேமில் பெருங்கோயிலும் அரண்மனையும் எடுப்பித்தவன். ஆயினும், அவனுடைய திருப்பணிகளுக்காகக் கட்டாய வேலை செய்த மக்கள் பெரிதும் இளைத்துப் போயினர். ஏறத்தாழ கி.மு. 930இல் அவன் இறந்தபின், அவன் மகன் ரெகொபெயாம் அரசுரிமை எய்தினான். மக்கள் அவனிடம் சென்று, தந்தை சுமத்திய நுகத்தின் பாரத்தைச் சற்றே குறைக்குமாறு வேண்டினர். விடை கூற மூன்று நாள் தவணை கேட்டான் மன்னன். சாலொமோனின் அவையில் இருந்த முதியோர், அன்று ஒருநாள் அவன் மக்களுக்குப் பணியாளனாக நின்று இன்சொல் வழங்கினால், வாழ்நாள் முழுதும் அவர்கள் அவனுக்குப் பணிந்திருப்பர் என்று அறிவுறுத்தினர். உடன் வளர்ந்த இளைஞரோ, தந்தையினும் தான் கடியவன் என்று காட்டுமாறு தூண்டினர். இளைஞர் சொல்லே அவனுக்கு இனித்தது. சுமையைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டப்போவதாக அவன் அறிவித்தான். விளைவு யாது? பன்னிரண்டு குலங்களுள் பத்துக் குலங்கள் அவனை விட்டு நீங்கி, வடக்கே வேறோர் அரசு அமைத்துக்கொண்டன. ஒரு கடுஞ்சொல்லால் ஒரு நாடு இரண்டாயிற்று.

காலம் உருண்டோடியது. வடநாட்டு அரசை அசீரியர் கி.மு. 722ஐ ஒட்டி அழித்தனர். கி.மு. 586ஐ ஒட்டிப் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றிக் கோயிலைத் தீக்கிரையாக்கினான். அவன் படையினர் மதில்களை இடித்துத் தள்ளினர். நகரத்து மக்களுட் பலர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றனர். பின்னர்ப் பாரசீகப் பேரரசன் கோரேசு கி.மு. 539இல் பாபிலோனை வென்றான். யூதர்கள் தம் நாட்டுக்குத் திரும்பிச் செல்ல அவன் இசைவு தந்தான். திரும்பியவர்கள் அரிதின் முயன்று கோயிலை மீண்டும் எழுப்பினர். மதிலோ இடிந்த நிலையிலேயே கிடந்தது. அக்காலத்தில் மதிலில்லாத நகரம் வேலியில்லாத பயிர் போன்றது. பகைவரும் கள்வரும் வேண்டும்போது புகலாம்; வேண்டியதைக் கவரலாம்.

இந்நிலையில் தோன்றியவரே நெகேமியா. அவர் எருசலேமில் வாழ்ந்தவர் அல்லர். பாரசீகப் பேரரசின் தலைநகரங்களுள் ஒன்றாகிய சூசானில், அர்தசஷ்டா மன்னனுக்குப் பானபாத்திரக்காரராக இருந்தவர். சூசான் இன்றைய ஈரான் நாட்டின் தென்மேற்கே உள்ளது. அரசர்க்கு நஞ்சூட்டும் சூழ்ச்சிகள் நிகழ்ந்த காலம் அது. ஆதலின், மன்னன் கையிற் கிண்ணம் கொடுக்கும் பணி, அவன் உயிரையே காக்கும் பணியாகும். முழு நம்பிக்கைக்கு உரியவர் அன்றி மற்றவர் அவ்விடத்தில் நிற்றல் இயலாது. நெகேமியா அங்கே நின்றார் என்பதொன்றே அவருடைய உண்மைத் தொண்டுக்குச் சான்று.

கி.மு. 445ஐ ஒட்டிய காலத்தில், ஆனானி என்னும் உறவினரும் வேறு சிலரும் யூதேயாவிலிருந்து சூசானுக்கு வந்தனர். எருசலேமின் நிலையை நெகேமியா அவர்களிடம் வினவினார். மதில் இடிந்து கிடக்கிறது. வாயில்கள் எரிந்து போயின. மக்கள் சிறுமையுற்று வாழ்கின்றனர் என்று அவர்கள் கூறினர். அரண்மனையில் வளமாக வாழ்ந்த அவர், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரின் துயரைக் கேட்டு, ‘ஐயோ பாவம்’ என்று சொல்லி அமைந்திருக்கலாம். அவரோ உட்கார்ந்து அழுதார், உண்ணாமல் நோன்பிருந்தார், இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலில் தம் இனத்தார் செய்த பிழைகளைக் குறிப்பிடும்போது, தம்மையும் தம் குடும்பத்தாரையும் அப்பிழையாளருள் சேர்த்தே கூறினார். ‘அவர்கள் பிழைத்தார்கள்’ என்பது எளிது. ‘நாம் பிழைத்தோம்’ என்பது அரிது. அவ்வரிய சொல்லிலிருந்தே அவருடைய பணி தொடங்கிற்று.

ஏறத்தாழ நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் மன்னன் முன் கிண்ணத்தோடு நின்ற நெகேமியாவின் முகம் வாடியிருந்தது. மன்னன் அதன் காரணத்தை வினவினான். அவர் மிகவும் அஞ்சினார். எனினும், உண்மையை மறைக்கவில்லை. தம் முன்னோரின் கல்லறைகள் உள்ள நகரம் பாழாய்க் கிடப்பதை எடுத்துரைத்தார். வேண்டுவது யாது என்று மன்னன் கேட்டான். உடனே, தாம் அங்குச் சென்று வர வேண்டிய காலம், வழியிலுள்ள ஆளுநர்களுக்கு உரிய ஓலைகள், வாயில்களுக்கு வேண்டிய மரம் தருமாறு அரசரின் வனக்காவலனுக்கு ஓர் ஓலை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார். அந்நான்கு திங்களும் அவர் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை. செய்ய வேண்டியவற்றை எண்ணி எண்ணி முடித்து வைத்திருந்தார் என்பது இதனால் விளங்குகின்றதன்றோ? இரக்கம் உள்ளத்தைக் கனியச் செய்யும். ஆராய்ச்சியோ அவ்விரக்கத்தைச் செயலாக்கும். மன்னன் அவர் கேட்டவற்றைத் தந்ததோடு, படைத்தலைவரையும் குதிரை வீரரையும் துணையாக அனுப்பினான்.

எருசலேமை அடைந்த நெகேமியா முரசு அறைந்து தம் வருகையை அறிவிக்கவில்லை. மூன்று நாள் அமைதியாக இருந்தார். பின்னர் ஓரிரவில், சிலரை மட்டும் உடன்கொண்டு, தாம் ஏறிய விலங்கு ஒன்றோடு நகரைச் சுற்றிப் புறப்பட்டார். பள்ளத்தாக்கு வாயில் வழியாக வெளியேறி, குப்பைமேட்டு வாயிலைக் கடந்து, இடிந்த மதிலையும் எரிந்த கதவுகளையும் நேரிற் கண்டார். ஓரிடத்தில் இடிபாடுகள் மிகுதியாக இருந்தமையால் விலங்கு செல்ல வழியில்லை. ஆண்டும் அவர் திரும்பிவிடவில்லை. பள்ளத்தாக்கின் வழியே மேற்சென்று பார்வையிட்ட பின்னரே மீண்டார். அவர் எங்குச் சென்றார், என்ன செய்தார் என்பது ஊர்ப் பெரியவர்க்கும் தெரியாது. நோயை அறியாமுன் மருந்து கூறாத மருத்துவரைப் போல, இடிபாட்டை அளந்தறியாமுன் அவர் ஒருவரிடத்தும் வாய் திறக்கவில்லை.

அதன்பின் மக்களைக் கூட்டினார். நிலைமையைக் கூறினார், மன்னன் தந்த உதவியையும் கூறினார். நாம் சேர்ந்து கட்டுவோம் என்றார். மக்கள் உள்ளம் பொங்கி எழுந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல், அனைவரும் கல்லிலும் மண்ணிலும் கைவைத்தனர். தலைமைக் குருவாகிய எலியாசிபு முதலாயினோர் ஆட்டு வாயிலைக் கட்டினர். பொற்கொல்லரும் நறுமணப் பொருள் செய்வோரும் வணிகரும் ஆளுக்கொரு பகுதியை ஏற்றனர். நகரத்தின் ஒரு பகுதிக்குத் தலைவராகிய சல்லூம் என்பவர் தம் பெண்மக்களோடு வந்து வேலை செய்தார். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலைக் கட்டினர். தன் வீட்டைக் காக்கும் சுவரைக் கட்டுபவன் அதனை மெலிதாகக் கட்டுவானோ? இவ்வாறு வேலையைப் பங்கிட்ட முறையிலேயே நெகேமியாவின் அறிவு நுட்பம் புலப்படுகின்றது. இன்ன இடத்தை இன்னார் கட்டினர் என்று பெயர் பெயராக அவருடைய நூல் குறித்து வைத்துள்ளது. தெக்கோவா ஊரின் எளிய மக்கள் இரண்டு பகுதிகளைக் கட்டியதையும், அவ்வூர்ச் செல்வர் மட்டும் குனிந்து வேலை செய்ய மறுத்ததையும் அது மறவாமற் கூறுகின்றது.

நற்பணிக்கு இடையூறு வருதல் உலக இயற்கை. சன்பல்லாத்து, தொபியா, கேஷேம் என்னும் அயலகத் தலைவர் மூவரும் முதலில் ஏளனம் செய்தனர். ஒரு நரி ஏறினாலும் அச்சுவர் சரிந்து விழும் என்றான் தொபியா. ஏளனத்தால் வேலை நிற்கவில்லை. ஆதலின் படையெடுப்பதாக அச்சுறுத்தினர். நெகேமியா தம் ஆட்களுட் பாதிப்பேரை வேலையிலும், பாதிப்பேரை வேலும் வில்லும் ஏந்திக் காவலிலும் நிறுத்தினார். சுமை சுமப்போர் ஒரு கையால் வேலை செய்து, மறு கையில் படைக்கலம் ஏந்தினர். எவ்விடத்தில் எக்காளம் ஒலிக்கிறதோ அவ்விடத்தில் அனைவரும் வந்து கூடவேண்டும் என்பது ஏற்பாடு. விடியற்காலை முதல் விண்மீன் தோன்றும்வரை வேலை நடந்தது. நெகேமியாவும் அவரைச் சார்ந்தோரும் இரவிலும் உடை களையாமல் விழித்திருந்தனர். பிறரைக் காவல் வைத்துவிட்டுத் தாம் உறங்கும் தலைவராக அவர் இருந்திலர்.

புறப்பகையை வெல்லுதல் ஒருவாறு எளிது. நெகேமியாவுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்தது. மதில் எழும்பிக்கொண்டிருந்தபோதே ஏழை மக்கள் அவரிடம் வந்து கதறினர். நாட்டில் பஞ்சம், தானியம் வாங்குவதற்காக நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம் என்றனர் சிலர். மன்னனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம் என்றனர் சிலர். கடனுக்கு ஈடாக எங்கள் மகன்களையும் மகள்களையும் அடிமைகளாகக் கொடுக்க நேர்ந்தது. அவர்களை மீட்க எங்களிடம் வழியில்லை என்று அழுதனர் பெற்றோர். கடன் கொடுத்தவர் யாவர்? அயலாரா? அல்லர். ஒரே இனத்தைச் சேர்ந்த செல்வரே. பகலில் அருகருகே நின்று ஒரே மதிலுக்குக் கல் சுமந்தவருள் ஒருவன் பிள்ளை, மற்றவன் வீட்டில் அடிமை! பகைவரைத் தடுக்க மதில் எழுப்பி, அம்மதிலுக்குள் தம்மவரையே சிறைப்படுத்துதல் எத்தகைய பேதைமை!

இச்செய்தி கேட்ட நெகேமியாவுக்குக் கடுஞ்சினம் மூண்டது. ஆயினும், அச்சினத்தோடு அவர் உடனே பேசவில்லை. முதலில் தம் உள்ளத்தோடு தாமே ஆராய்ந்தார். பின்னர்ச் செல்வரையும் அலுவலரையும் பேரவை கூட்டி அழைத்தார். அயல்நாட்டாருக்கு விற்கப்பட்ட நம்மவரை நாம் இயன்றவரை மீட்டுவருகிறோம். நீங்களோ மீண்டும் அவர்களை விற்கிறீர்கள் என்று இடித்துரைத்தார். அவர்கள் விடை கூற வாயின்றி நின்றனர். அவ்வளவில் அவர் நின்றிருந்தால், குற்றம் கூறும் தலைவராக மட்டுமே இருந்திருப்பார். அதன்பின் அவர் கூறியதே அவருடைய பெருமையைக் காட்டுவது. தாமும் தம் உறவினரும் தம் பணியாளரும் அம்மக்களுக்குப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதை அவர் அவை நடுவே வெளிப்படையாகக் கூறினார். நாம் அனைவரும் இதனை விட்டொழிப்போம் என்றார். தம்மை விலக்கிக்கொண்டு அவர் பேசவில்லை. நிலமும் தோட்டமும் வீடும் அன்றே உரியவரிடம் திரும்பவேண்டும். வாங்கிய வட்டியும் திரும்பவேண்டும் என்றார். செல்வரும் இசைந்தனர். அவர் அவர்களிடம் உறுதிமொழி பெற்றார். தம் மேலாடையின் மடிப்பை உதறிக் காட்டி, சொல் தவறுவோன் இவ்வாறே உதறப்பட்டு வெறுமையாவான் என்று எச்சரித்தார். கல்லால் எழுந்த மதிலினும் அன்று அவையில் எழுந்த நேர்மையே எருசலேமுக்கு வலிய அரணாயிற்று எனலாம்.

ரெகொபெயாமை ஈண்டு நினைவு கூர்க. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், மக்கள் இதே போன்ற குறையோடு ஆட்சியாளன் முன் நின்றனர். அவன் செவி சாய்க்கவில்லை, நாடு பிளந்தது. இவர் செவி சாய்த்தார், தம் பிழையும் உணர்ந்தார், மக்கள் ஒன்றாயினர்.

நெகேமியா யூதேயாவின் ஆளுநராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். அவருக்கு முன் இருந்த ஆளுநர்கள் உணவும் மதுவும் பெற்றதோடு, நாற்பது சேக்கல் வெள்ளியும் மக்களிடம் வாங்கினர். ஆளுநர் என்ற முறையில் தமக்கு உரிய உணவுப்படியை நெகேமியா ஒருநாளும் பெற்றிலர். மக்கள்மேல் ஏற்கெனவே பெரும் பாரம் இருக்கின்றது என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். அவர் நிலம் ஒன்றும் வாங்கவில்லை. தம் பணியாளர் அனைவரையும் மதில் வேலைக்கே அனுப்பினார். யூதரும் அலுவலருமாக நூற்றைம்பது பேர், அயல்நாடுகளிலிருந்து வந்தோர் ஆகியோர் அவர் பந்தியில் உண்டனர். அதற்காக நாள்தோறும் ஓர் எருதும் ஆறு நல்ல ஆடுகளும் பறவைகளும் சமைக்கப்பட்டன. இத்துணைச் செலவிருந்தும் மக்களிடம் படி கேளாமை போற்றத்தக்கது. சட்டம் தந்த உரிமையையும் பிறர் துன்பம் கருதி விட்டுக்கொடுத்தல் சான்றோர்க்கே இயல்வது.

மதில் முடியும் தறுவாயில் பகைவர் வேறு சூழ்ச்சி செய்தனர். ஓனோ என்னும் சமவெளியில் வந்து சந்திக்குமாறு நான்கு முறை ஆள் அனுப்பினர். தாம் இறங்கி வந்தால் வேலை நின்றுவிடும் என்று நான்கு முறையும் நெகேமியா ஒரே விடை அனுப்பினார். ஐந்தாம் முறை, அவர் தாமே மன்னராக முயல்கிறார் என்று பழி கூறும் ஓலை வந்தது. அது வெறுங்கற்பனை என்று அவர் ஒதுக்கினார். உம்மைக் கொல்ல வருகின்றனர். கோயிலுக்குள் ஒளிந்துகொள்ளும் என்று ஒருவன் அறிவுரை கூறினான். அவன் கூலி பெற்றவன் என்பதை உணர்ந்து, தம்போன்ற ஒருவர் உயிருக்கு அஞ்சி ஓடலாகாது என்று மறுத்தார். இவ்வாறு ஐம்பத்திரண்டே நாளில் மதில் முற்றுப்பெற்றது.

மதில் எழுந்தபின் நகரத்தின் காவலை யாரிடம் ஒப்புவித்தார்? அன்று சூசானுக்கு வந்து துயரச் செய்தி கூறிய ஆனானியிடமும், கோட்டைத் தலைவராகிய அனனியாவிடமும் ஒப்புவித்தார். அனனியா உண்மையும் இறையச்சமும் உடையவர் என்பதையே அவர் காரணமாகக் குறித்துள்ளார். உண்மையாக ஊழியம் செய்து உயர்ந்தவர், பிறரிடத்தும் அவ்வுண்மையையே தேடியது இயல்பே.

மதிலின் அருப்பணிப்பு விழாவும் நடந்தது. பாடுவோர் இரண்டு அணிகளாக மதிலின்மேல் எதிரெதிர்த் திசைகளில் நடந்தனர். ஓரணிக்கு முன்னே மறைநூல் வல்லாராகிய எஸ்றா சென்றார். மற்றோரணிக்கு முன்னே நெகேமியா செல்லவில்லை; மக்களிற் பாதிப்பேரோடு அதன் பின்னே நடந்தார். நரி ஏறினால் விழும் என்று இகழப்பட்ட அம்மதில், ஊர் முழுதும் ஏறி நடந்தும் அசையாது நின்றது.

நெகேமியா குறையே அற்றவர் என்று விவிலியம் அவரைக் காட்டவில்லை. பிற்காலத்தில் ஒருமுறை, சினம் மிகுந்து சிலரை அடித்ததையும் அவர் தாமே எழுதி வைத்துள்ளார். பிழையே செய்யாதவர் என்பதனால் அன்று, பிழையைத் தம்மிடத்தும் காணவல்லவர் என்பதனாலேயே அவர் நமக்கு எடுத்துக்காட்டாகின்றார்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஊராட்சியிலும் தொழிற்சாலையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிறரை நடத்தும் பொறுப்பை ஏற்பீர்கள். அப்போது உங்கள் முன் யாரேனும் தம் சுமையைச் சொல்லி நிற்பர். அவர்க்கு விடை கூறுமுன், அச்சுமையில் என் பங்கு எவ்வளவு என்று உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். கிண்ணம் ஏந்திய கையே நகரத்தைக் கட்டியது என்பதையும் மறவாதீர்கள். இன்று உங்களுக்குத் தரப்பட்ட சிறு வேலையை உண்மையாகச் செய்தலே நாளைய தலைமைக்கு நீங்கள் இடும் கடைக்கால்.

பயிற்சி

1. ரெகொபெயாமுக்கு முதியோர் கூறிய அறிவுரை யாது? அதனைக் கேளாமையால் விளைந்தது யாது?
2. மன்னன் வினவியபோது நெகேமியா கூறிய விடைகளால் அவருடைய எந்தப் பண்பு விளங்குகின்றது?
3. நெகேமியா இரவில் நகரைச் சுற்றிப் பார்த்தமை ஏன்?
4. ‘பெருஞ்சோதனை மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை’ – இதனை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.
5. உங்கள் ஊரில் பலர் கூடிச் செய்த பொதுப்பணி ஒன்றனைப் பற்றிக் கட்டுரை வரைக. அதில் வேலை பங்கிடப்பட்ட முறையையும் குறிப்பிடுக.
6. சொற்றொடரில் அமைத்து எழுதுக: உயிர்நிலை, இடித்துரைத்தல், செவிசாய்த்தல், கடைக்கால்.